வெட்டுத்துணியில் வண்ணப் போர்வை: வீட்டிலேயே தைக்க ஒரு முழு வழிகாட்டி

வடசென்னையில் துணிக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1639ல் இந்தக் கரையில் இடம் கேட்டு வந்ததே துணி வாங்கத்தான். துணி வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை ஆனது. கம்பெனியின் கவர்னர் ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு, காலடிப்பேட்டை என்ற பெயரில் திருவொற்றியூரில் இன்றும் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் ஜவுளிக் கடைகளை விட்டு உள்தெருவுக்குள் நுழைந்தால் தெருவுக்கு நாலு டெய்லர். ஜாக்கெட், சுடிதார், பாவாடை என்று நாள் முழுக்க வெட்டுகிறார்கள். வெட்டி விழுந்த துண்டுகள் சாக்கு மூட்டையாகக் குப்பைக்குப் போகின்றன. அந்த மூட்டையில் ஒரு கிலோ கிடைத்தால் போதும், பெரியவர் ஒருவர் போர்த்திப் படுக்கிற அளவுக்கு ஒரு போர்வை தைத்துவிடலாம். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நம் ஊருக்குப் பஞ்சு வைத்த தடிமனான ரஜாய் ஆகாது. கடற்காற்றின் ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் அதை யாரும் போர்த்திக்கொள்ள மாட்டார்கள், துவைத்தால் காயவும் காயாது. நமக்கு வேண்டியது மூன்று பருத்தித் துணிகள் சேர்ந்த மெல்லிய போர்வை. இரண்டாவது, நிறப் பொருத்தம் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஐம்பது நிறத்துத் துண்டுகளை ஒரே போர்வையாகப் பார்க்க வைப்பது வெளிருக்கும் அடருக்கும் உள்ள வேறுபாடுதான். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வரலாமா என்பதை யோசிக்கவே தேவையில்லை. வெளிர் ஒரு பக்கம், அடர் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் எந்த நிறமும் எந்த நிறத்தோடும் சேர்ந்து நிற்கும். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

அளவும் பொருளும்

நாம் தைக்கப் போவது 60 இன்ச் அகலம், 80 இன்ச் நீளம். ஒவ்வொன்றும் தைத்து முடித்த பிறகு 10 இன்ச் வரும் சதுரக் கட்டங்கள், குறுக்கே 6, நெடுக்கே 8, ஆக 48 கட்டம். முதல் முயற்சிக்கே இவ்வளவு பெரிதா என்று தோன்றினால் குழந்தைக்கு 4க்கு 5, அதாவது 20 கட்டம் வைத்து 40க்கு 50 இன்ச்சில் முடியுங்கள். முறை ஒன்றுதான்.

கட்டங்களுக்கு அடித்துணியாக, அதாவது வெட்டுத்துணிப் பட்டைகளை மேலே வைத்துத் தைக்க, ஒரு பழைய எட்டு முழ வேட்டி வேண்டும். நான்கு முழத்தில் இரண்டு இருந்தாலும் சரி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டியே நல்லது. ஆனால் கை வைத்தால் கிழிகிற நிலைக்கு வந்ததை எடுக்காதீர்கள். வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இழை விலகிய இடம் கண்ணாடிபோல் தெரியும். அந்த இடங்களை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள். நல்ல வேட்டியில் அகலவாட்டில் நாலு, நீளவாட்டில் பன்னிரண்டு என்று 11 இன்ச் சதுரங்கள் 48 கிடைக்கும். கரைப்பகுதி கொஞ்சம் உள்ளே வந்தாலும் பரவாயில்லை, மேலே துணி வந்து மூடிவிடும். நிறைய ஒதுக்க வேண்டி வந்தால் குறைகிற சதுரங்களுக்குக் காடா துணி வாங்கி, துவைத்துவிட்டு வெட்டுங்கள்.

பின்பக்கத்துக்கு ஒரு பழைய பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டர் சேலையில் 86 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, நீள ஓரத்தோடு நீள ஓரம் இணைத்தால் பின்பக்கம் ரெடி. மீதி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் இருக்கும். போர்வையின் ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கிற ஓரப்பட்டியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முந்தானைப் பக்கம் மீதியாக விழுகிற மாதிரி வெட்டினால், ஓரம் முழுக்க முந்தானை டிசைன் ஓடும். பார்க்க மிக அழகாக இருக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் வெளிர்ப் பக்கத்துக்கும் அடர்ப் பக்கத்துக்கும் நடுவே மூலைக்கு மூலை ஓடுகிற நடுப்பட்டைக்கு மட்டும் ஒரே நிறத்தில் பிளெயின் பருத்தி, 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) ஒன்றேகால் மீட்டர். நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய முக்கியமான துணி இது ஒன்றுதான். கூடவே சாம்பல் நிற நூல் வாங்கிக்கொள்ளுங்கள். பல நிறத் துணிகளின் மேல் எடுத்துத் தெரியாத நூல் சாம்பல்தான், வெள்ளையும் கறுப்பும் இரண்டுமே எங்காவது துருத்திக்கொண்டு நிற்கும். மெஷினுக்கு 14, 16 நம்பர் ஊசிகள், கூரான கத்தரி, சாக்பீஸ், இன்ச் டேப், ஒரு கெட்டி அட்டை. பாரிமுனைப் பக்கம் டெய்லரிங் சாமான் கடைகளில் எல்லாமே ஒரே நடையில் கிடைத்துவிடும். விசேஷ மெஷின் எதுவும் தேவையில்லை, நேர்த்தையல் போடுகிற கால் மெஷினே தாராளம்.

வெட்டுத்துணி சேர்ப்பது

தெரு டெய்லரிடம் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஆனால் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரங்களில் அவர்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. பண்டிகை முடிந்து போங்கள். “அண்ணே, காட்டன் பிட்டு மட்டும் தனியா ஒரு கவர்ல போட்டு வைக்கிறீங்களா, வாரா வாரம் வந்து எடுத்துக்கறேன்” என்று ஒரு பெரிய கவரைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கவர் கொடுப்பது முக்கியம். இல்லையென்றால் எல்லாம் ஒரே மூட்டையில் கலந்துவிடும், லைனிங்கும் நெட்டும் ஜரிகையுமாகப் பிரிக்கவே ஒரு நாள் ஆகும்.

வீட்டிலும் தேடுங்கள். கிழிந்த லுங்கியின் மடிப்புக்குள் இருக்கும் பகுதி, காலர் நைந்த சட்டையின் முதுகு, சின்னதாகிப்போன பாவாடை, தலையணை உறை எல்லாமே பயன்படும்.

எது பருத்தி என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு இழை உருவி, கிடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். கலப்புத் துணியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். பாலியஸ்டரைக் கண்டிப்பாக ஒதுக்குங்கள். அழகாக இருக்கிறதே என்று ஒரே ஒரு துண்டு சேர்த்தால்கூட இஸ்திரி போடும்போது அது சுருங்கிக் கட்டத்தையே இழுத்துவிடும், உடம்பில் பட்டால் வேர்க்கும். ஜரிகை தோலை உரசும். லெக்கின்ஸ், பனியன் துணி இழுபடும். பட்டு ஜாக்கெட் பிட்டு பருத்தியோடு சேர்ந்து துவைக்கத் தாங்காது. ஜீன்ஸ், காக்கி டிரில் போன்ற கெட்டித் துணிகள் பைக்குத்தான் லாயக்கு.

சாயம் பார்ப்பது

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை 1960களில் அமெரிக்காவில் விற்றபோது, சாயம் போகும் என்று உத்தரவாதம் சொல்லியே விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து குழைவதையே அழகு என்று அங்கே நம்ப வைத்தார்கள். ஒரே துணிக்குள் அது நடந்தால் அழகாக இருக்கலாம். ஆனால் சந்தனக் கலருக்குப் பக்கத்தில் அரக்கு வைத்துத் தைத்த போர்வையில் நடந்தால் எல்லாம் பாழ்.

வெளிர்த் துணிகளை ஒரு பக்கெட்டிலும் அடர்த் துணிகளை இன்னொன்றிலும் சுடுநீரில் கொஞ்சம் சோப்புத் தூள் போட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு நான்கையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். நீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டுப் புது நீர். நீர் தெளிவாக வரும் வரை அலச வேண்டும். பிறகு ஈரத்துணியின் மேல் பழைய வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துண்டைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். கல்லுப்பில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். துணியில் பிடிக்காமல் நிற்கிற மிச்சச் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. அதைக் கழுவி வெளியேற்றுவது மட்டுமே வழி.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. சுருங்க வேண்டிய துணி இப்போதே சுருங்கிவிடும். வேட்டி, சேலை, நடுப்பட்டைத் துணி எல்லாவற்றையும் இதே போலத் துவைத்துக் காய வைத்து இஸ்திரி போட்டபின்தான் கத்தரியை எடுக்க வேண்டும்.

பிரிப்பது

காய்ந்த துண்டுகளைத் தரையில் கொட்டி, நிறத்தின் பெயரை மறந்துவிட்டு, வெளிர் ஒரு குவியல், அடர் ஒரு குவியல் என்று பிரியுங்கள். சந்தனக் கலர், இளம் ரோஸ், ஆகாய நீலம், வெள்ளையில் பூப்போட்டது, எலுமிச்சை மஞ்சள் எல்லாம் வெளிர். அரக்கு, பாட்டில் பச்சை, எம்.எஸ். புளூ, கத்தரிப்பூ, காப்பிக் கலர் எல்லாம் அடர். சிக்கல் நடுவில் நிற்பவற்றில்தான். வெங்காயக் கலர், கிளிப்பச்சை, வாடாமல்லி, மாம்பழக் கலர் இவை எந்தப் பக்கம் போகும்?

போனை எடுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணை ஏமாற்றுவது நிறத்தின் பளிச். அது போய்விட்டால் உண்மை தெரிந்துவிடும். கிளிப்பச்சையும் வாடாமல்லியும் நேரில் எதிரெதிர் நிறங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக நின்றால், போர்வையில் தூரத்திலிருந்து பார்க்கும்போதும் இரண்டும் கலந்துதான் தெரியும். மாம்பழக் கலர் நேரில் அழுத்தமாக இருந்தாலும் படத்தில் வெளிர்ப் பக்கம் போய்விடுவதைப் பார்ப்பீர்கள். போன் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் சற்றுத் தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், அதுவும் ஓரளவு காட்டிக் கொடுக்கும்.

அப்படியும் நடுவிலேயே நிற்கும் துண்டுகளை மூன்றாவது குவியலாக வையுங்கள். அவற்றில் கொஞ்சம் வெளிராக இருப்பதை அடர்ப் பக்கம் மட்டும் சேர்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அசிங்கமான நிறம் என்று எதையும் ஒதுக்காதீர்கள். தனியாகப் பார்க்கும்போது கண்ணைக் குத்துகிற ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு, ஒன்றரை இன்ச் பட்டையாகப் போர்வையில் அங்கங்கே வந்தால், மற்ற அடர் நிறங்களுக்கே உயிர் கொடுக்கும். ஆனால் அது நாலைந்து கட்டங்களிலாவது வர வேண்டும். ஒரே ஒரு இடத்தில் வந்தால் பார்வை அங்கேயே போய் நிற்கும்.

நடுப்பட்டையின் நிறம் வெளிர், அடர் இரண்டுக்கும் நடுவே எடுத்துத் தெரிய வேண்டும். ராணி கலர், செங்கல் நிறம், மயில் நீலம் மூன்றும் நன்றாக நிற்கும். என் ஓட்டு ராணி கலருக்கு.

கட்டம் தைப்பது

வேட்டிச் சதுரத்தில் மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். துணி மெல்லியது என்பதால் கோடு பின்பக்கமும் தெரியும், அது பிறகு தேவைப்படும். பிளெயின் துணியில் 2 இன்ச் அகலம், பதினாறரை இன்ச் நீளத்தில் 48 பட்டைகள் வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாட்டில் மடித்து நடுவை நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். பட்டையின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி, நடுக்கீறல் பென்சில் கோட்டின் மேல் சரியாக உட்காரும்படி வைத்து இரண்டு குண்டூசி குத்துங்கள்.

வெட்டுத்துணிகளிலிருந்து ஒன்றேகால் இன்ச் முதல் மூன்று இன்ச் வரை அகலமுள்ள பட்டைகள் வெட்டுங்கள். எல்லாம் ஒரே அகலத்தில் இருக்கவே கூடாது, அப்படி இருந்தால் போர்வை விறைப்பாகத் தெரியும். நீள ஓரங்கள் நேராக இருந்தால் போதும், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருந்தால் இன்னும் நல்லது. கையிலிருப்பது நீளம் போதாத துண்டு என்றால், வெளிரோடு வெளிர், அடரோடு அடர் என்று இரண்டை முனையோடு முனை சேர்த்துத் தைத்து நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு வெளிர்ப் பட்டையை எடுத்து, நல்ல பக்கம் கீழே போகும்படி நடுப்பட்டையின் மேல் கவிழ்த்து, இரண்டின் ஓரங்களும் ஒட்டி நிற்கும்படி வையுங்கள். ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே, அடித்துணியோடு சேர்த்து ஒரு நேர்த்தையல். தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டின் ஓரத்துக்கும் ஊசிக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று முதலில் ஒரு தரம் இன்ச் டேப்பால் பார்த்துவிடுங்கள். கால் இன்ச்சாக இருந்தால் ஃபுட்டின் ஓரத்தைத் துணி ஓரத்தோடு பிடித்து ஓட்டலாம். இல்லையென்றால் மெஷின் தகட்டின் மேல் கால் இன்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். தைத்த பட்டையைப் புரட்டி, தையல் மேல் நகத்தை வைத்து இறுக்கமாக ஒரு தரம் இழுத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். பட்டைகள் குறுக்கு இழையில் நிற்பதால் தேய்த்தால் நெளியும்.

அடுத்த வெளிர்ப் பட்டையை, இப்போது தைத்த பட்டையின் வெளி ஓரத்தில் அதே போலக் கவிழ்த்து வைத்துத் தையுங்கள். இப்படியே மூலை வரை போங்கள். கடைசி மூலைக்கு அகலமான பட்டையாகப் பார்த்து வையுங்கள். அங்கே குறுகலான பட்டை வந்தால், கட்டங்களை இணைக்கும்போது நாலு மடிப்பு ஒரே இடத்தில் சேர்ந்து முடிச்சுபோல் தடிக்கும், மெஷின் ஊசியும் உடையும். வெளிர்ப் பக்கம் மூடியதும், நடுப்பட்டையின் மறுபுறம் அடர்ப் பட்டைகளை அதே முறையில் தைத்து மூடுங்கள். பூப்போட்டது, கோடு போட்டது, பிளெயின் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பெரிய பூப்போட்ட துணிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்.

ஒவ்வொரு கட்டமாக முடிப்பதைவிடப் பத்துக் கட்டங்களை ஒன்றாக ஓட்டுவது எளிது. பத்துக்கும் முதல் பட்டை, பிறகு மொத்தமாக இஸ்திரி, பிறகு பத்துக்கும் இரண்டாம் பட்டை. ஒரு கட்டம் முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்ததை நுழைத்தால் தோரணம்போல் வரிசையாக வரும், நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

கட்டம் முடிந்ததும் அளவுக்கு வெட்ட வேண்டும். கெட்டி அட்டையில் மிகச் சரியாகப் பத்தரை இன்ச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை கோடு போட்டு, அதன் இரண்டு முனையிலும் சிறு வெட்டு கொடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தைப் பின்பக்கமாகத் திருப்பினால் வேட்டியில் பென்சில் கோடு தெரியும். அட்டையின் மூலைகள் இரண்டும் அந்தக் கோட்டின் மேல் நிற்கும்படி வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் வரைந்து வெட்டுங்கள். இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். நடுப்பட்டை மூலையிலிருந்து கொஞ்சம் விலகினாலும், நாலு கட்டம் சேரும் இடத்தில் கோடு உடைந்து தெரியும்.

தரையில் அடுக்குவது

48 கட்டமும் முடிந்தபின் ஹாலைக் காலி செய்து, ஃபேனை நிறுத்திவிட்டு அடுக்குங்கள். நாலு கட்டங்களின் அடர் மூலைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் நடுவில் ஓர் அடர் வைரம் உருவாகும், நடுப்பட்டைகள் சேர்ந்து அதற்குச் சட்டம் போடும். 6க்கு 8 கட்டங்களில் இப்படி 12 அடர் வைரங்கள் வரும், அவற்றுக்கிடையே வெளிர் வைரங்கள் தாமாகவே உண்டாகும். எல்லாக் கட்டங்களையும் ஒரே திசையில் வைத்தால் சாய்வான படிகள். ஒரு வரிசை இப்படி, அடுத்த வரிசை அப்படி என்று திருப்பினால் நெளிநெளியாக ஓடும் கோலம். கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள், எது மனதுக்குப் பிடிக்கிறதோ அதுதான் சரி. ஆனால் முதல் போர்வைக்கு வைரமே என் சிபாரிசு. துணிகள் எவ்வளவு கலவையாக இருந்தாலும் அது தூக்கி நிறுத்திவிடும்.

இப்போது திரும்பவும் கறுப்பு வெள்ளைப் படம். எங்காவது வைரத்தின் ஓரம் மங்கலாகத் தெரிந்தால் அங்கே நடுத்தர நிறங்கள் அதிகமாகிவிட்டன என்று அர்த்தம். அந்தக் கட்டத்தை ஓரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரே துணி அடுத்தடுத்த கட்டங்களில் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்தியானதும் வரிசை வரிசையாக எடுத்து அடுக்கி, வரிசை எண்ணைச் சீட்டில் எழுதிக் குத்தி வையுங்கள்.

முதலில் ஒவ்வொரு வரிசையின் கட்டங்களையும் கால் இன்ச் தையலில் இணையுங்கள். ஒற்றைப்படை வரிசைகளின் மடிப்புகளை வலப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளின் மடிப்புகளை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால், வரிசையோடு வரிசையைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோல் உட்காரும், மூலைகள் கச்சிதமாகப் பொருந்தும்.

சேர்த்துத் தைப்பது

பின்பக்கச் சேலையை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் சுற்றிலும் டேப் ஒட்டி நிறுத்துங்கள். மிகவும் இழுக்காதீர்கள், பிறகு டேப்பை எடுத்ததும் சுருங்கும். அதன் மேல் தைத்த மேல்பக்கத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவி விரியுங்கள். அடித்துணியாக வேட்டி இருப்பதால் நடுவே வேறு எதுவும் தேவையில்லை. பட்டை, வேட்டி, சேலை என்று மூன்று துணி ஆகிவிட்டது. மார்கழிக் குளிருக்குக்கூட இது போதும்.

சேஃப்டி பின் குத்தி நிறுத்தலாம் என்று பலரும் சொல்வார்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம். உப்புக்காற்றில் பின் சீக்கிரமே துருப்பிடிக்கும், வேலை இழுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு பின் இருந்த இடத்திலும் பழுப்பு வட்டம் விழும். துருக்கறை எளிதில் போகாது. அதற்குப் பதில் நீள ஊசியில் வெள்ளை நூல் கோத்து, கையகல இடைவெளியில் பெரிது பெரிதாகத் தற்காலிகத் தையல் ஓட்டுங்கள். முதலில் நடுவில் ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுக்குக் கோடு, பிறகு அங்கிருந்து ஓரம் நோக்கி. பாதி நாள் ஆகும். ஆனால் அப்புறம் எத்தனை வாரம் எடுத்துக்கொண்டாலும் துணி பத்திரமாக இருக்கும்.

மெஷினில் 16 நம்பர் ஊசி மாற்றி, தையலை இன்ச்சுக்கு எட்டு வருமாறு பெரிதாக்குங்கள். போர்வையின் இரண்டு பக்கத்தையும் பாய்போல் சுருட்டி, நடுக்கோட்டை மட்டும் வெளியே விட்டு மெஷினுக்குள் நுழைக்க வேண்டும். கட்டமும் கட்டமும் சேருகிற பள்ளத்திலேயே தையலை ஓட்டினால் மேலே தெரியாது. நடுவில் தொடங்கி வெளியே போங்கள். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்தால் துணி நடுவில் குவிந்து மடிப்பு விழும். கனம் இழுக்காமல் இருக்க, மெஷினுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு அதன் மேல் போர்வையைத் தாங்க விடுங்கள். குறுக்குக் கோடுகள், நெடுக்குக் கோடுகள் முடிந்தபின், ஒவ்வொரு கட்டத்தின் நடுப்பட்டை ஓரத்திலும் ஒரு தையல் ஓட்டிவிட்டால் துணிகள் நன்றாக இறுகும்.

மெஷினில் இவ்வளவு பெரிய துணியை ஓட்டத் தயக்கமாக இருந்தால் கையாலேயே ஓட்டுத் தையல் போடுங்கள். வங்காளத்தின் காந்தா என்ற போர்வைத் தையலில் பழைய சேலைகளை அடுக்கி இப்படித்தான் தைக்கிறார்கள், முன்பெல்லாம் சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலையே தைக்கப் பயன்படுத்தினார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் கட்டமே கிடையாது. ஓரத்தில் தொடங்கி, துண்டுகளைச் சுற்றிச் சுற்றி வைத்து நடுவில் வந்து முடிப்பார்கள், முழுக்கக் கைத்தையல். தைக்கிற கைக்குப் பழக்கம் வந்தபின் அதையும் முயன்று பாருங்கள், முன்கூட்டி எதையும் அளக்காமல் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகிற சுகம் அதில் உண்டு.

ஓரப்பட்டி

அதிகப்படியான சேலையை மேல்பக்கத்தின் ஓரத்தோடு சமமாக வெட்டுங்கள். மீதிச் சேலையில் இரண்டரை இன்ச் அகலத்தில் ஏழு பட்டைகள் எடுத்து, முனைகளைச் சாய்வாக இணைத்து ஒரே நீளமாக்கி, நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். பழைய சேலை நைந்திருந்தால் ஓரப்பட்டிக்கு மட்டும் புதுத் துணி வையுங்கள். போர்வை முதலில் கிழிவது ஓரத்தில்தான்.

மடித்த பட்டியின் திறந்த ஓரத்தைப் போர்வையின் மேல்பக்க ஓரத்தோடு சேர்த்துக் கால் இன்ச்சில் தைத்துக்கொண்டு போங்கள். தொடங்கும்போது பட்டியின் ஒரு சாண் நீளத்தைத் தைக்காமல் விட்டால், கடைசியில் இரண்டு முனைகளையும் இணைக்க வசதியாக இருக்கும். மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போது நிறுத்தி, நூலை வெட்டி, துணியை வெளியே எடுங்கள். பட்டியை அடுத்த பக்கத்துக்கு நேர் எதிர்த் திசையில் மேல்நோக்கி மடியுங்கள், அங்கே ஒரு சாய்வு மடிப்பு விழும். அதைக் கையால் பிடித்துக்கொண்டே பட்டியைத் திரும்பக் கீழ்நோக்கி மடித்து அடுத்த ஓரத்தோடு சேருங்கள். மேல் மடிப்பு போர்வையின் மேல் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அங்கிருந்து தையலைத் தொடங்குங்கள். நான்கு மூலையும் முடிந்தபின் பட்டியைப் பின்பக்கம் புரட்டினால், மூலை தானாகவே கச்சிதமாக மடியும். பின்பக்கம் கையால் ஹெம்மிங் போட்டு முடியுங்கள். கடைசியாகத் தற்காலிகத் தையலை உருவி எடுங்கள்.

துவைப்பதும் வைப்பதும்

முதல் தடவை தனியாக, குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் துவைத்து, ஊற வைக்காமல் உடனே அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், சுருட்டி அழுத்தினால் போதும். மொட்டை மாடியில் இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே விரித்து, வெயில் நேராகப் படாமல் காய வையுங்கள். ஒரே கொடியில் தொங்க விட்டால் ஈரக் கனத்தில் தையல் இழுபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைக்கவே துவைக்காதீர்கள், உள்துணி முழுக்கக் காயாமல் பூஞ்சை வாடை பிடித்துவிடும். மடித்து வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் மடியுங்கள்.

ஏதாவது ஒரு பட்டை நைந்து போனால் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. அதே அளவு வெளிர்வோ அடர்வோ உள்ள வேறொரு துண்டை ஓரம் மடித்து மேலேயே வைத்துச் சுற்றிலும் ஹெம்மிங் போட்டுவிடுங்கள். இதற்காகவே மீதமான துண்டுகளை இரண்டு பைகளில் கட்டி, ஒன்றில் வெளிர், ஒன்றில் அடர் என்று எழுதி அலமாரியில் வையுங்கள்.